எட்டு நாளும் ஒரு கரண்டி எண்ணெயும்

எந்த நாளில் நான் சொல்லியிருக்க வேண்டும்?

மூன்றாம் நாளில் சொல்லியிருந்தால், இதற்கெல்லாமா ஒரு பேச்சு என்று சிரித்திருப்பார்கள். ஐந்தாம் நாளில் சொல்லியிருந்தால், முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருப்பார்கள். ஏழாம் நாள் சொல்வதற்காக வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மாமனார் கை கழுவ வந்தார். எட்டாம் நாள் நான் சொல்லவில்லை. நானாகவே ஒன்றைச் செய்துவிட்டேன். அது நடந்து பத்து மாதம் ஆகிறது. எந்த நாள் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

நான் எழுதப்போவது மலச்சிக்கலைப் பற்றி. கர்ப்பமாக இருந்தபோது வந்த மலச்சிக்கல். பத்திரிகைக்கு எழுதுகிற விஷயமா இது என்று எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. எட்டாம் வகுப்புவரை படித்தவள் நான். நாகரிகமாக எழுதத் தெரியும். ஆனால் நாகரிகம் பார்த்துப் பார்த்துத்தான் அந்த எட்டு நாளும் போயிற்று. முதல் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இதைப் படிக்கிறவர் ஒருவராவது இருப்பார். அவருக்காகப் பச்சையாகவே எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்தது சேலம் டவுனில். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். என்னைக் கொடுத்தது ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு நெசவு ஊரில். புகுந்த வீட்டில் நான்கு குழித்தறிகள் (தரையில் குழி வெட்டி, அதில் காலை விட்டு உட்கார்ந்து மிதித்து நெய்கிற தறி). விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அந்தச் சத்தம் ஓயாது. வந்த புதிதில் தலை வலித்தது. போகப் போக, சத்தம் நின்றால்தான் எனக்கு விழிப்பு வந்தது.

வீட்டுக்குப் பின்னால் பாவடி. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுகிற வெட்டவெளி அது. வெயில் ஏறினால் நூல் முறுகி அறும் என்பதால் கிழக்கு வெளுக்கும்போதே ஆண்கள் வந்துவிடுவார்கள். பாவின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று, குனிந்து நீவிக்கொண்டு முன்னும் பின்னும் நடப்பார்கள். பனிக்காலத்தில் ஆட்கள் தெரிய மாட்டார்கள். வெள்ளை நூல் மட்டும் காற்றில் தானாக நீண்டு கிடப்பதுபோல் இருக்கும். பாவடியைத் தாண்டினால் கள்ளியும் வேலமரமுமாக ஒரு காடு. வீட்டுப் பெண்கள் ஒதுங்குவது அங்கேதான்.

கல்யாணமான புதிதில் அத்தையோடு, அதாவது என் மாமியாரோடு, இருட்டு பிரிவதற்குள் போய்த் திரும்பிவிடுவேன். உடம்பும் அந்த நேரத்துக்குப் பழகிவிட்டது. மூன்று மாதம் என்று தெரிந்ததும் அத்தை அதை நிறுத்திவிட்டார்.

"முழுகாம இருக்கறவ இருட்டுல அந்தக் காட்டுக்குப் போவக்கூடாது சாமி. காத்து கருப்பு எதுனா ஒட்டிக்கும். நல்லா விடிஞ்ச பொறவு போ. ஆரு உன்னக் கேக்கறாங்க?"

கேட்கிறவர் யாருமில்லை என்பது உண்மைதான். ஆனால் நன்றாக விடிந்த பிறகு பாவடி முழுக்க ஆண்கள். மாமனார், அவருடைய அண்ணன், பங்காளிகள். அவர்கள் நடுவே கையில் சொம்போடு மருமகள் எப்படிப் போவது? ஒரு நாள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு கொல்லைக் கதவுவரை போனேன். மாமனாரின் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு, மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் உள்ளே வந்துவிட்டேன்.

பாவைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் கிளம்பும்போது வெயில் காயும். அதற்குள் எனக்கு வந்த உணர்ச்சி அடங்கிப் போயிருக்கும். வந்த நேரத்தில் போக வழியில்லை. வழி கிடைத்த நேரத்தில் வரவில்லை. அடிக்கடி ஒதுங்க வேண்டாமே என்று தண்ணீரையும் குறைத்தேன். தாகம் எடுத்தால் வாயை நனைத்துக்கொள்வேன். அதைப் பெரிய சாமர்த்தியமாக நினைத்தேன்.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ராகிக் களி, கம்பஞ்சோறு, கீரைக் கடைசல். எனக்கு மட்டும் அரிசிச் சோறு. மில்லில் தீட்டிய, பூப்போல வெள்ளையான அரிசி. "டவுன் புள்ள. வாயும் வயிறுமா இருக்கறா. அவளுக்கு நெல்லஞ்சோறுதான் போடோணும்" என்று அத்தை மூன்று வேளையும் தனியாக வடித்தார். ரசத்தை ஊற்றிக்கொண்டு அதைச் சாப்பிடுவேன். பக்கத்தில் களியின் சூடு முகத்தில் அடிக்கும். எனக்கு அதில் ஒரு உருண்டை வேண்டும் என்று இருக்கும். கேட்டால், அத்தை செய்கிற மரியாதையை நான் தள்ளிவிட்டதுபோல் ஆகிவிடுமே என்று வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாம் மாதம், ரத்தம் குறைவாக இருக்கிறது என்று மருந்துச் சாலையில் இரும்பு மருந்து கொடுத்தார்கள். அதைக் குடித்த பிறகு அபூர்வமாக வந்ததும் கறுப்பாக, கல்லுப்போல வந்தது. ஏதோ கெட்ட ரத்தம் என்று பயந்தேன். இரும்பு மருந்து சாப்பிட்டால் கறுத்துத்தான் போகும் என்பதையும், சிலருக்கு அது கட்டும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

ஏழாம் மாதத்தில் அந்த எட்டு நாள் வந்தது.

முதல் இரண்டு நாள் சாதாரணம். மூன்றாம் நாளிலிருந்து பசி போயிற்று. நான்காம் நாள் முக்கியதில் ஆசனவாயில் ஒரு முண்டு வெளியே வந்தது. மூலம் (அவ்விடத்து ரத்தக் குழாய்கள் வீங்கிப் புடைப்பது) என்று பிறகு டாக்டரம்மா சொன்னார்கள். அன்று எனக்கு அது என்னவென்று தெரியவில்லை. உட்கார்ந்தால் எரிந்தது. ராட்டையில் தார் (நாடாவுக்குள் வைக்கிற ஊடை நூல் குழல்) சுற்றும்போது ஒருக்களித்தே உட்கார்ந்தேன். "ஏம்புள்ள, சப்பாணிப் பொம்மையாட்டம் சாஞ்சிருக்கற?" என்று அத்தை கேலி செய்தார். நானும் சிரித்தேன்.

அந்த நாட்களை நினைத்தால் பகல் முழுக்கத் தூங்கிய மாதிரிதான் நினைவு வருகிறது. கண் திறந்திருக்கும், தறிச் சத்தம் தூரத்தில் கேட்கும், வயிற்றுக்குள் இரண்டு கனம். ஒன்று அசையும், ஒன்று அசையாது. எது குழந்தை, எது என் குடல் என்று கையை வைத்துப் பார்ப்பேன். சில சமயம் ஏதோ புரளும். அது யார் என்று தெரியாது. நான் நூலை விழுங்கிக்கொண்டே இருப்பதாகவும், உள்ளே யாரோ அதைத் தாராகச் சுற்றிச் சுற்றி வைப்பதாகவும், சுற்றுகிறவருக்கு இடம் போதாமல் போவதாகவும் ஒரு பகற்கனவு அடிக்கடி வந்தது. விழித்தால் ராட்டை என் கையில் ஓடிக்கொண்டிருக்கும். நூல் ஒரு தடவைகூட அறுந்ததில்லை.

எட்டாம் நாள் தறிக்கு ஓய்வு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அப்படி ஓய்வு விடுகிற நாளில், வீட்டில் எல்லாரும் பேதிக்கு விளக்கெண்ணெய் குடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். காலையில் வெறும் வயிற்றில் வரிசையாக உட்காருவார்கள். அத்தை சுக்குத் தண்ணீரில் எண்ணெயைக் கலந்து ஒவ்வொருவர் வாயிலும் ஊற்றுவார். முகம் சுளிக்கிறவருக்கு ஒரு பழிப்பு, ஒரு துண்டு வெல்லம். மாமனாருக்கும் அப்படித்தான்.

"உனக்குக் கெடையாது சாமி" என்றார் என்னைப் பார்த்து. "வயித்துல இருக்கறவங்களுக்கு எண்ணெய் ஆவாது. சும்மாவே இரு."

என் தவறு இங்கேதான். இதைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டுகிறேன். இருட்டில் போகக்கூடாது, காத்து கருப்பு ஒட்டும் என்று சொன்னதும் அதே வாய். அது மூடநம்பிக்கை என்று படித்த எனக்குத் தெரியும். தெரிந்தும் அதற்குக் கட்டுப்பட்டேன், மரியாதைக்காக. அது வெறும் பயம் என்றால் இதுவும் வெறும் பயமாகத்தானே இருக்கும் என்று கணக்குப் போட்டேன். கேட்கத் தேவையில்லாத பேச்சைக் கேட்டுவிட்டு, கேட்க வேண்டிய பேச்சைத் தள்ளினேன்.

அன்றைக்குப் பாவடி காலியாக இருந்தது. ஒரு ஆள் இல்லை. அதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அத்தை வெல்லம் எடுக்கப் போனபோது ஒரு கரண்டி நிறைய ஊற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன்.

உச்சிப்பொழுதுக்குள் ஐந்து முறை காட்டுக்குப் போய் வந்தேன். கடைசித் தடவை திரும்பும்போது, எழுதினால் சிரிப்பீர்கள், எனக்கு அப்படி ஒரு ஆனந்தம். வெட்டவெளியில் பாவு கட்டுகிற கம்பங்கள் மட்டும் நின்றன. கால் தரையில் பாவவில்லை. வயிற்றில் குழந்தை ஒன்றுதான் இருக்கிறது என்று முதன்முதலாகத் தெரிந்தது. அதன் பெயர் என்னவாக இருக்கும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு மெதுவாக நடந்தேன்.

கொல்லைக் கதவுக்கு வருவதற்குள் வயிறு இறுகியது.

குடல் வலியாக இருக்கும் என்று நின்றேன். தளர்ந்தது. தண்ணீர்ச் சால் பக்கம் போனேன், மறுபடி இறுகியது. கையை வைத்தால் வயிறு முழுதும் பலகைபோல் இருந்தது. எண்ணிக்கொண்டே இருந்தேன். நூறு எண்ணுவதற்குள் தளரும். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு மறுபடியும். புடவையைப் பார்த்தபோது ரத்தம்.

அத்தை புளி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அத்தை."

"ஏஞ்சாமி?"

"நானும் எண்ணெய் குடிச்சுட்டேனுங்க."

"எந்த எண்ணெய்? தலைக்கு வெக்கறதயா?" என்று சிரித்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த புளி கீழே விழுந்தது.

"வயிறு இறுக்கிப் புடிக்குதுங்க. ரத்தம் பட்டிருக்குது."

"எதுக்குக் குடிச்ச?"

"எட்டு நாளாப் போவலீங்க."

"எட்டு நாளா!" அத்தை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அடி அம்மிணி, அஞ்சு பெத்தவ ஒருத்தி ஊட்டுல குத்துக்கல்லாட்டம் இருக்கறனே. என்ற கிட்டச் சொல்றதுக்கு உனக்கென்ன வெக்கம்? ஊருக்கா தண்டோராப் போட்டிருப்பன்?"

அதற்கு மேல் திட்டவில்லை. வண்டி கட்டச் சொன்னார். அப்போதுதான் இன்னொரு சங்கடம். வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த ஆண்கள் எல்லாருமே அன்று எண்ணெய் குடித்தவர்கள். என் கணவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நுகத்தில் மாட்டைப் பூட்டினார். பஸ் ரோட்டுக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் ஓடினார்.

"பொண்டாட்டிக்கு வலி, புருசனுக்குப் பேதி. நல்ல ஊர்கோலம்டா சாமி!" என்றார் அத்தை. என் தலை அவர் மடியில் இருந்தது. சிரித்தால் இறுகுமோ என்று நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை, வாய் மட்டும்தான் பேசியது. அவர் கை என் வயிற்றின் மேலேயே இருந்தது.

வண்டியின் கூண்டு வழியாகப் பனைமரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஒரு இறுக்கத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் எத்தனை மரம் என்று எண்ணினேன். மரங்கள் அதிகமாக இருந்தால் நல்லது என்று நானே வைத்துக்கொண்டேன். ஓரிடத்தில் மரமே இல்லாத தரிசாக ஒரு வெறுங்காடு வந்தது. அப்போது எண்ண ஒன்றுமில்லாமல், தூரத்து மலை நீலமாகக் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெறுங்காடு எவ்வளவு நேரம் இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. இப்போதும் கண்ணை மூடினால் அது முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறது.

ரோட்டில் பஸ் பிடித்து, பொழுது இறங்குவதற்குள் சேலத்தில் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம். டாக்டரம்மா நடுவயதுக்காரர். சுற்றி வளைக்காமல் கேட்டார்கள்.

"வெளிக்குப் போய் எத்தனை நாளாச்சு?"

"எட்டு நாளாப் போகலைங்க. இன்னைக்கு அஞ்சு தடவை."

"என்ன சாப்பிட்டே?"

சொன்னேன். அவர்கள் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பரிசோதித்தார்கள். ரத்தம் கர்ப்பப்பையிலிருந்து வரவில்லை. முக்கி முக்கி ஆசனவாய் கிழிந்து, அங்கேயிருந்து வந்தது. ஆனால் வயிறு இறுகுவது கர்ப்பப்பைதான். அதன் வாய் (குழந்தை வெளியே வரும் வழி) இன்னும் மூடியே இருக்கிறது.

"மூடியே இருக்குமாங்க?" என்று கேட்டேன்.

"இருக்கணும்னுதான் படுக்க வைக்கறோம். இப்போ பொறந்தா பிழைக்கறது கஷ்டம். மூணு நாள் போகட்டும்."

"எண்ணெயாலதான் வந்துச்சுங்களா?"

"எண்ணெய் குடலைக் கிளறும்போது கர்ப்பப்பையையும் கிளறிவிடலாம். உடம்புல தண்ணி வத்தினாலும் இப்படி இறுகும். உனக்கு ரெண்டும் இருக்கு. எதுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா கர்ப்பத்துல பேதி மருந்து எதையும் நீயா தொடக்கூடாது. எண்ணெயும் சரி, நாட்டு மருந்துக் கடை சூரணமும் சரி."

இடப்பக்கமாகப் படுக்கச் சொன்னார்கள். இளநீர், கஞ்சித் தண்ணீர், உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர் மாற்றி மாற்றி வந்தது. பல மாதமாக வாயை மட்டும் நனைத்தவள் டம்ளர் டம்ளராகக் குடித்தேன். தூங்குவதற்கும் ஒரு மருந்து கொடுத்தார்கள். அதன் பிறகு எனக்குக் காலையும் மாலையும் ஒன்றுதான். சுவரில் வெயில் ஒரு சதுரமாக விழும், கொஞ்சம் நகரும், கண் மூடித் திறந்தால் வேறு சுவரில் இருக்கும். இறுக்கம் வரும்போது சதுரமும் சுருங்குவதாகத் தோன்றும். அது தளரும்வரை மூச்சு விடாமல் இருப்பேன். நான் அசைந்தால் உள்ளே இருப்பது வழுக்கிவிடும் என்பதுபோல.

அடுத்த கட்டிலில் மைமூன் அக்கா. சேலம் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம். மூன்றாவது பிள்ளையைச் சுமந்துகொண்டு, கால் வீங்கிப் படுத்திருந்தார். என் கதையைக் கேட்டுவிட்டு, "காடாவது பரவாயில்ல தங்கச்சி" என்றார். "எங்க வீட்ல கக்கூஸ் கொல்லையிலயே இருக்கு. ஆனா மாமியா அந்தக் கதவுக்கு எதுத்தாப்பல உக்காந்து வெத்தல மெல்லுவா. 'இன்னுமா, இன்னுமா'ன்னு குரல் குடுப்பா. வர்றதும் திரும்பிப் போயிரும்."

"அப்புறம் என்ன செய்வீங்க அக்கா?"

"அவ தொழுவப் போற நேரமாப் பாத்து எந்திரிப்பேன். என் குடலுக்கு அஞ்சு வேளையும் தெரியும்."

சிரித்துவிட்டேன். சிரித்ததும் பயந்து வயிற்றைத் தொட்டேன். மெத்தென்று இருந்தது. அப்போதுதான் யோசித்தேன், கடைசியாக எப்போது இறுகியது? காலையிலா, நேற்றா? தெரியவில்லை. ஒன்று வருவதை எண்ணலாம். வராமல் போனதை எப்படி எண்ணுவது? அது எந்த நிமிஷத்தில் நின்றது என்பது எனக்குத் தெரியாமலே நின்றிருந்தது. மைமூன் அக்காவிடம் சொன்னேன். "அல்ஹம்துலில்லா" (எல்லாப் புகழும் இறைவனுக்கே) என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். எனக்காக மட்டும் அழவில்லை என்று நினைக்கிறேன்.

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா அத்தையையும் உட்காரவைத்துப் பேசினார்கள். கர்ப்பத்தில் குடல் இயல்பாகவே மந்தமாகும். வளர்கிற வயிறு அதன் மேல் அழுத்தும். இது நோயல்ல, ஆனால் கவனிக்காமல் விட்டால் நோயாகிவிடும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். தவிடு போகாத தானியம், கீரை, காய், பழம் வேண்டும். தினமும் மெல்ல நடக்க வேண்டும். உணர்ச்சி வந்தால் அடக்கக் கூடாது; வராதபோது முக்கக் கூடாது. இரும்பு மருந்தை நிறுத்தக் கூடாது, ரத்தத்துக்கு அது வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு குறைந்த அளவில் ஆரம்பித்துக் கொடுக்கிறேன் என்றார்கள். இதற்கும் அடங்காவிட்டால் இசப்கோல் (தண்ணீரில் ஊறி வழவழவென்று உப்பும் ஒரு விதை) நிறையத் தண்ணீரோடு சாப்பிடலாம். அதையும் கேட்டுவிட்டுச் செய். எனிமா (குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றிக் குடலைக் கழுவுவது) வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான்.

வயிறு விட்டு விட்டு இறுகினாலோ, ரத்தமோ தண்ணீரோ பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, வலியோடு வாந்தி வந்தாலோ ஒரு பொழுதும் காத்திருக்கக் கூடாது என்பதை மூன்று முறை சொன்னார்கள்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "அப்ப நெல்லஞ்சோறு போட்டது தப்புங்களா?" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"தப்பில்லைம்மா. நீங்க சாப்பிடறதையும் அவளுக்குக் குடுங்க. அது நல்ல சாப்பாடு."

வண்டி ஊருக்குள் நுழையும்போது அத்தை, "களி வேணும்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சட்டியோட குடுத்திருப்பனே" என்றார். "பொறவு, இருட்டுல போவாதன்னு நாஞ்சொன்னதும் ஒரு காரணந்தான?" என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அது போதும் என்று எனக்கு இருந்தது. அவருக்குப் போதுமா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை கொல்லையில் மண் வெட்டுகிற சத்தம். என் கணவர் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டிக்கொண்டிருந்தார். தறிக்குழி வெட்டிப் பழகிய கை; பக்கவாட்டு மண் சரியாதபடி நேராகச் சீவியிருந்தார். மேலே இரண்டு பலகை. சுற்றிலும் ஓலைத் தட்டி. என் பெரிய வயிற்றோடு உட்கார்ந்து எழுந்திருக்கப் பிடிப்பு வேண்டும் என்று, பழைய தறிக்கால் ஒன்றைப் பக்கத்தில் நட்டார். அது எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று என்னிடம் கேட்கக் கூச்சம். தானே உட்கார்ந்து, கையை நீட்டி, எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலிலிருந்து பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

"ராசாத்திக்கு அரமணை கட்டியாச்சு" என்று அத்தை ஊருக்குக் கேட்கும்படி சொன்னார். பாவடியில் யாரோ சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் உயிர் போகவில்லை. இவ்வளவு நாளாகப் போய்விடும் என்று நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு சொம்பு. கொல்லையில் நாலு நடை. ஒரு வேளை களி, ஒரு வேளை கம்பு, ஒரு வேளை அத்தையின் ஆசைக்கு அரிசி. உடனே சரியாகிவிடவில்லை. இரண்டு நாள், மூன்று நாள் தவறியதும் உண்டு. தவறியபோதெல்லாம் சொன்னேன். அத்தை அதை அடுப்புக்கு விறகு இல்லை என்று சொல்வதைப்போலக் கேட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தார். பதினைந்து நாள் கழித்து உடம்பு தன் நேரத்தைக் கண்டுபிடித்தது.

கணக்குப்படி வர வேண்டிய நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் மகள் பிறந்தாள். கொஞ்சம் சின்னவள். ஆனால் அழுதது கேட்டுத் தறிகள் நின்றன. இப்போது ஏழு மாதம் முடிந்து உட்கார்ந்து விளையாடுகிறாள்.

நான் பழையபடி ஆகவில்லை. முன்பெல்லாம் உடம்பு என்பது நான் வைத்திருக்கிற ஒரு பொருள் என்று எண்ணம். இப்போது அது என்னோடு கூட இருக்கிற, அதிகம் பேசாத ஒருத்தி மாதிரி. காலையில் விழித்ததும் முதலில் அவள் என்ன சொல்கிறாள் என்று காது கொடுக்கிறேன். நேரமும் மாறிவிட்டது. சில பகல்கள் கண்மூடித் திறப்பதற்குள் போகின்றன. சில நிமிஷங்கள் நீண்டு கிடக்கின்றன.

இன்னொன்று. இதைக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டு வாரமாக வயிற்றுக்குள் ஒரு அசைவு தெரிகிறது. இடப்பக்கம், விலாவுக்குக் கீழே, உள்ளிருந்து முழங்கையால் மெல்ல இடிப்பதுபோல. மறுபடி கருவாக இருக்குமோ என்று ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினேன், இல்லை என்றார்கள். குடலின் அசைவாக இருக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். முதல் தடவை அது வந்தபோது, "சித்த இரு சாமி" என்று வயிற்றைத் தடவிச் சொல்லிவிட்டேன். மகள் எதிரே பாயில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தையிடம் சொன்னேன். அவர் தன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, எங்கோ பார்த்துக்கொண்டு இருந்தார். "எனக்கு அது நின்னுச்சா இல்லையான்னு யோசிச்சுப் பாக்கோணும் சாமி" என்றார். கடைசிப் பிள்ளையைப் பெற்று அவருக்குப் பதினெட்டு வருஷமாகிறது.

பிள்ளை பெற்ற சகோதரிகளே, உங்களுக்கும் இப்படி உண்டா? உண்டென்றால் அதை என்ன செய்தீர்கள்? பேசாமல் விட்டீர்களா, கையை வைத்துப் பதில் சொன்னீர்களா? எப்போது நின்றது என்று எழுதுங்கள். நிற்கவே இல்லை என்றாலும் எழுதுங்கள்.